நாலு கியரை ஆறு கியராக்கலாமா?

சயான் சர்க்கிளில் சாயங்காலம் 6 மணிக்குக் காரோடு மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இடது காலின் அருமை தெரியும்.

கிளட்சை மிதிக்க வேண்டும். முதல் கியர் போட வேண்டும். பத்தடி நகர வேண்டும். நிற்க வேண்டும். மறுபடி மிதிக்க வேண்டும். செம்பூர் போய்ச் சேருவதற்குள் இது எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை. எண்ணிக்கொண்டிருப்பது முட்டி ஒன்றுதான்.

இன்று மும்பையில் ஆட்டோமேட்டிக் கார்களை விற்றுக் கொடுக்கும் முதல் தரகர் அந்த முட்டிதான்!

கிளட்ச் இல்லாத கார் ஒரு காலத்தில் பெரிய முதலாளிகளின் சமாசாரம். நம்மவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அம்பாசிடரும் பத்மினியும்தான். இரண்டிலும் கியர்க் கம்பி ஸ்டீயரிங்கின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்தும் தள்ளியும் ஒரு தலைமுறைத் தமிழ் டிரைவர்கள் இந்த ஊரில் குடும்பம் நடத்தினார்கள். கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. 20 ஆண்டு வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் அதுவும் தெருவை விட்டுப் போய்விட்டது.

இப்போது காலம் மாறிவிட்டது. ஏழெட்டு வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் செடான் கார்கள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. கொஞ்சம் சேமிப்பு, கொஞ்சம் ஆபீஸ் கடன், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவின் முட்டிவலி. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு குமாஸ்தா வீட்டு வாசலிலும் ஆட்டோமேட்டிக் கார் வந்து நிற்கிறது.

வந்து நின்ற ஆறாவது மாதம் தொடங்குகிறது அடுத்த ஆசை.

அண்ணாச்சியிடம் கேள்வி

அந்தக் குமாஸ்தா வாங்கியது நாலு கியர் ஆட்டோமேட்டிக் என்று வைத்துக்கொள்வோம். அதே ஆபீசில் அடுத்த மேஜைக்காரர் புதிதாக வாங்கிய வண்டியில் ஆறு கியர். அவர் வண்டி வெண்ணெய் போலப் போகிறது. நம்மவர் வண்டியோ மேம்பாலம் ஏறும்போது ஒரு முக்கு முக்கி, எஞ்சின் சத்தம் போட்டு, பிறகுதான் நகர்கிறது. பெட்ரோலும் கூடக் குடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தெரிந்த பட்டறைக்குப் போகிறார். மெக்கானிக் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"அண்ணாச்சி, குர்லாவில பழைய சாமான் கடையில ஆறு கியர் பெட்டி ஒண்ணு பார்த்து வாங்கி, நம்ம வண்டியில மாட்டிடலாமா?"

"பெட்டி கிடைக்கும் தம்பி. உங்க காரு அதை ஏத்துக்கணும்லா?"

அண்ணாச்சி ஒரு வரியில் முடித்துவிட்டார். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. கியர்ப்பெட்டியைக் கழற்றி வேறு பெட்டி மாட்டுவது நடக்காத காரியம் அல்ல. அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக வீட்டுக் கொட்டகையில் வைத்தே செய்துகொண்டிருக்கிறார்கள். அங்கே நடப்பது இங்கே ஏன் நடப்பதில்லை?

அதைத் தெரிந்துகொள்ள, பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டு விசிறிகள்

மேஜையில் இரண்டு மின்விசிறிகளை எதிர் எதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அதன் காற்று பட்டு, கரண்ட் இல்லாத இன்னொரு விசிறியும் மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். ஓடும் விசிறியின் வேகத்தைக் கூட்டினால், எதிர் விசிறியின் வேகமும் கூடும். எதிர் விசிறியைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் முதல் விசிறி நிற்காது.

ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது இதுதான். காற்றுக்குப் பதில் எண்ணெய். ஒரு விசிறி எஞ்சினோடு சேர்ந்தது. இன்னொன்று கியர்ப்பெட்டியோடு சேர்ந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டு சிக்னலில் நின்றாலும் எஞ்சின் அணையாமல் இருப்பதற்கு இதுவே காரணம். நடுவில் மூன்றாவதாக ஒரு சிறு விசிறி இருந்து, திரும்பி வரும் எண்ணெயை வளைத்துவிட்டு இழுவையை அதிகமாக்குகிறது. மூன்றும் சேர்ந்த உருண்டைக்குத்தான் 'டார்க் கன்வர்ட்டர்' என்று பெயர்.

எண்ணெய் வழியாகச் சக்தி போகும்போது கொஞ்சம் நழுவல் இருக்கும். நழுவினால் சூடு; சூடு என்றால் பெட்ரோல் வீண். ஆகவே பிற்கால வண்டிகளில் ஓரளவு வேகம் வந்ததும் இரண்டு விசிறிகளையும் ஒன்றோடொன்று பூட்டிவிடும் ஏற்பாடு செய்தார்கள்.

அதற்குப் பின்னால் இருப்பவை கியர்கள். சாதாரணக் காரில் உள்ள மாதிரி வரிசையாக நிற்கும் பற்சக்கரங்கள் அல்ல. நடுவில் ஒரு சூரியன், அதைச் சுற்றிச் சில கிரகங்கள், வெளியே ஒரு வளையம். இவற்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுற்ற விடுகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். பிடித்து நிறுத்துவதற்கு வட்ட வட்டமான சிறு தகடுகள் உண்டு. அந்தத் தகடுகளை அழுத்துவதும் எண்ணெய்தான். எந்த நேரத்தில் எந்தத் தகட்டுக்கு எண்ணெய் போக வேண்டும் என்று வழி பிரித்து விடும் அறைக்கு 'வால்வு பாடி' என்று பெயர். அதைத் திறந்து பார்த்தால் எறும்புப் புற்றைக் குறுக்கே வெட்டினாற்போல் இருக்கும்.

ஆக, இந்தப் பெட்டிக்கு எண்ணெய்தான் ரத்தம், எண்ணெய்தான் கை, எண்ணெய்தான் மூளை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரப்போகும் விஷயங்கள் சுலபமாக விளங்கும்.

57 டாலர் வசதி

கிளட்ச் இல்லாத கியர்ப்பெட்டியை ஏராளமாகத் தயாரித்து முதலில் விற்றது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி. 'ஹைட்ராமேட்டிக்' என்று பெயரிட்டு, 1940-ம் வருட மாடல் ஓல்ட்ஸ்மொபில் காரில் கொடுத்தார்கள். நாலு கியர். கூடுதல் விலை 57 டாலர். யுத்தம் வந்ததும் இதே பெட்டி டாங்கிகளுக்குள்ளும் போயிற்று.

1953 ஆகஸ்ட் 12-ந் தேதி ஒரு சம்பவம். மிச்சிகன் மாநிலத்தில் லிவோனியா என்ற ஊரில் இருந்த ஹைட்ராமேட்டிக் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்து போயிற்று. கூரையருகே வேலை செய்துகொண்டிருந்தவர்களின் டார்ச்சிலிருந்து தெறித்த பொறி, எண்ணெயில் பட்டுப் பரவிய தீ. உயிர்ச்சேதமும் உண்டு.

கார்கள் வரிசையில் நிற்கின்றன; மாட்டுவதற்குப் பெட்டி இல்லை. என்ன செய்வது?

வேறு பெட்டியை மாட்டினார்கள்! காடிலாக்கிலும் ஓல்ட்ஸ்மொபிலிலும் ப்யூக் காரின் 'டைனாஃப்ளோ' பெட்டி ஏறியது. போன்டியாக்கில் செவர்லே காரின் 'பவர்கிளைட்' ஏறியது. அந்த ஆண்டுக்குள்ளேயே வில்லோ ரன் என்ற இடத்தில் இருந்த பழைய விமானத் தொழிற்சாலையில் ஹைட்ராமேட்டிக் தயாரிப்பை மறுபடி தொடங்கியும் விட்டார்கள். ஒரு காருக்காகச் செய்த பெட்டியை இன்னொரு காரில் ஏற்ற முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அதைச் செய்தவர்கள் அந்தக் காரை உண்டாக்கிய என்ஜினீயர்களே என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இரண்டே கியரில் ஒரு குடும்பம்

போன்டியாக்கில் ஏறிய அந்த 'பவர்கிளைட்', செவர்லே குடும்பக் கார்களுக்காக 1950-ல் வந்த பெட்டி. விலை குறைந்த காரில் வந்த ஆட்டோமேட்டிக் என்று அன்றைக்குப் பெரிய பேச்சு. அதில் இருந்தவை இரண்டே கியர்கள். ஆரம்ப வருடங்களில் அவைகூடத் தாமாக மாறாது. சாதாரணமாகக் கார் உயர்ந்த கியரிலேயே கிளம்பும். இழுவையை டார்க் கன்வர்ட்டர் பார்த்துக்கொள்ளும். 1953-ல்தான் தானாக மாறும்படி செய்தார்கள்.

இரண்டு கியர் என்றாலும் இரும்புக் குண்டு. கெட்டுப் போகாது. 1973 வரை அதைத் தயாரித்தார்கள். ஆனால் காலம் போகப் போக அதன் குறை தெரிந்தது. கிளம்பும்போது மந்தம். நெடுஞ்சாலையில் எஞ்சின் ஓயாமல் கத்தும்.

1969-ல் மூன்று கியரோடு 'டர்போ ஹைட்ராமேட்டிக் 350' வந்தது. 1982-ல் நாலு கியரோடு '700 ஆர் 4' வந்தது. அப்போது ஆரம்பித்தது கூத்து. அப்பா வாங்கிய பழைய செவர்லேயை விற்க மனமில்லாத பிள்ளைகள், இரண்டு கியர் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிய பெட்டியை மாட்ட ஆரம்பித்தார்கள்.

லாபம் என்ன? கணக்குப் போட்டால் தெரியும்.

பவர்கிளைட் பெட்டியில் முதல் கியரின் விகிதம் 1.82. அதாவது எஞ்சின் 1.82 சுற்று சுற்றினால், பெட்டியிலிருந்து வெளியே ஒரு சுற்று. நாலு கியர் பெட்டியிலோ இது 3.06. சிக்னலிலிருந்து கிளம்பும்போது இழுவை ஒன்றரை மடங்குக்கு மேல்! கடைசிக் கியரில் பவர்கிளைட் ஒன்றுக்கு ஒன்று. புதிய பெட்டி 0.70. மணிக்கு 60 மைல் வேகத்தில் 2,600 சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்த எஞ்சின், அதே வேகத்தில் 1,820 சுற்றோடு நிம்மதியாக ஓடும். சத்தம் குறையும், தேய்மானம் குறையும், பெட்ரோலும் மிச்சம். பூட்டிக்கொள்ளும் கன்வர்ட்டர் வேறு இருக்கிறது.

மூன்று கியர் பெட்டியை மாட்டுவது இன்னும் சுலபம். சிறிய வால் உள்ள மாதிரி, ஏறக்குறைய பழைய பெட்டியின் நீளமே இருக்கும். பின்னால் போகும் ஷாஃப்டைக்கூட வெட்ட வேண்டியதில்லை.

ஆனால் 700 ஆர் 4 பெட்டியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆக்சிலேட்டரோடு சேர்ந்து இழுபடும் ஒரு கேபிள் அதற்கு உண்டு. நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்று பெட்டிக்குச் சொல்வது அந்தக் கேபிள்தான். அதற்கேற்பத்தான் எண்ணெயின் அழுத்தம் கூடும். பழைய காரின் கார்புரேட்டரில் அதைச் சரியான அளவில் மாட்டாமல் விட்டால், நீங்கள் பலமாக மிதிக்கும்போது பெட்டி மெதுவாகவே மிதிக்கிறார் என்று நினைத்துக்கொள்ளும். தகடுகளை இறுக்கிப் பிடிக்காது. தகடுகள் வழுக்கும், கருகும். ஆசை ஆசையாக மாட்டிய பெட்டி சில மைல்களிலேயே பொசுங்கிப் போன கதைகள் அங்கே ஏராளம்.

ஒரு கேபிளுக்கே இந்தப் பாடு என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே என்ன தடை?

அந்தக் காலத்து அமெரிக்கப் பெட்டிக்குள் கம்ப்யூட்டர் கிடையாது. எண்ணெய் அழுத்தமும் ஸ்பிரிங்குமே முடிவு செய்யும். பெட்டியைத் தூக்கி மாட்டி, கேபிளைக் கட்டி, எண்ணெய்க் குழாய்களை ரேடியேட்டரில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன் செய்யக்கூடிய காரியம்.

இடமும் தாராளம். எஞ்சின் முன்னால், பெட்டி அதற்குப் பின்னால் நீளவாக்கில், ஓட்டுவது பின் சக்கரம். பெட்டி அரை அடி நீண்டு போனால்கூடத் தாங்கியை நகர்த்தி, ஷாஃப்டை வெட்டிச் சரி செய்துகொள்ளலாம்.

நம் குடும்பக் கார்கள் அப்படியல்ல. எஞ்சினும் பெட்டியும் குறுக்கே படுத்திருக்கின்றன. முன் சக்கரங்கள் இழுக்கின்றன. இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை. அவ்வளவுதான் இடம். ஆறு கியர் பெட்டி உருவத்தில் வேறு. தாங்கிகள் வேறு. சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் வேறு. கியர் கேபிள் வேறு.

இதையெல்லாம்கூடப் பணம் கொடுத்துச் செய்துவிடலாம். செய்ய முடியாதது பேச்சு வார்த்தை!

ஆம். இன்றைய காரில் எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பெட்டிக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒன்று, சாவிக்கு ஒன்று. எல்லாம் ஒரே ஒயரில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. கியர் மாறும் அந்த நொடியில், 'கொஞ்சம் இழுவையைக் குறை' என்று பெட்டி சொல்ல, எஞ்சின் குறைக்கிறது. அதனால்தான் குலுக்கல் தெரிவதில்லை. வேறு மாடல் வண்டியின் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினால், அது பேசுவது இந்த எஞ்சினுக்குப் புரியாது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். பெட்டி பயந்துபோய் ஒரே கியரில் நின்றுவிடும். சில வண்டிகள் ஸ்டார்ட்டே ஆகாது.

சென்னையில் புதுப்பேட்டை, பெங்களூரில் சிவாஜி நகர் குஜிரி, டெல்லியில் மாயாபுரி என்று எங்கே போனாலும் பெட்டி கிடைக்கும். அந்தப் பேச்சைக் கற்றுக்கொடுக்கும் ஆளைத் தேடுவதுதான் கஷ்டம். அப்படியே ஆள் கிடைத்தாலும், பெட்டி விலை, கூலி, ஒயர், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பழைய காரின் விலையைத் தொட்டுவிடும்.

நாலு கியரை ஆறு கியராக மாற்றும் வேலையைக் கார் கம்பெனிகளே புதிய மாடலில்தான் செய்கின்றன. 2022-ல் மாருதி கம்பெனி எர்ட்டிகாவிலும் பிரெஸ்ஸாவிலும் நாலு கியர் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு ஆறு கியர் கொடுத்தது. ஹூண்டாய் வெர்னாவுக்கு அந்த மாற்றம் 2017 மாடலிலேயே வந்துவிட்டது. அதே மாருதியின் சியாஸ் செடானுக்கோ 2025-ல் விற்பனை நிற்கும் வரையில் நாலு கியர்தான்! டிசையரின் கதை வேறு. 2012-ல் அதற்கு நாலு கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. பிறகு அதன் இடத்தை ஏ.எம்.டி. பிடித்துக்கொண்டது. ஏ.எம்.டி. என்பது, சாதாரண கியர்ப்பெட்டியில் கிளட்சை மிதிக்கவும் கியரை மாற்றவும் ஓர் எந்திரக் கையை உட்கார வைத்தது. 2014-ல் செலேரியோ காரில் நம் நாட்டுக்கு வந்தது. விலை குறைவு, ஆனால் கியர் மாறும்போது தலை ஒரு ஆட்டு ஆடும்.

ஹோண்டா சிட்டியில் கியரே இல்லாமல் இரண்டு கப்பிகளும் ஒரு இரும்புப் பட்டையுமாகச் சி.வி.டி. வந்தது. நடுவில் 5 கியர் ஆட்டோமேட்டிக் ஆகி, 2014-ல் மறுபடி சி.வி.டி.க்கே திரும்பியது. கம்பெனிக்காரர்களுக்கே ஒரு முடிவுக்கு வருவது இவ்வளவு சிரமம் என்றால், நம் பட்டறை அண்ணாச்சியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இன்னொன்று. நாலு கியர் பெட்டியின் நாலாவது கியரும் பெரும்பாலும் எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்கும் கியர்தான். ஆகவே நெடுஞ்சாலையில் ஆறு கியருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், பவர்கிளைட்டுக்கும் 700 ஆர் 4-க்கும் இருந்த மாதிரி மலைக்கும் மடுவுக்கும் அல்ல. கிளம்பும்போதும், கியருக்குக் கியர் தாவும்போதும்தான் ஆறின் சுகம் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. ஆர்.சி.யில் எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், எரிபொருள், நிறம் எல்லாம் இருக்கும். கியர்ப்பெட்டியைப் பற்றி வரி இராது. அதனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்கலாம். விபத்து என்று வந்து, இன்சூரன்ஸ் சர்வேயர் பானெட்டைத் திறந்து பார்க்கும் நாளில் அது தெரியும். கம்பெனி கொடுத்த அதே வகைப் பெட்டியைப் பழுது பார்த்துப் போடுவதில் இந்தத் தொல்லை இல்லை.

கை கால் குறைபாடு உள்ளவர்களுக்காக வண்டியை மாற்றி அமைக்கச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. கிளட்சை மட்டும் தானாக இயக்கும் சாதனங்களும் கிடைக்கின்றன. அது தேவைப்படுகிறவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் விவரம் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

செய்யக்கூடியது எது?

அப்படியானால் நாலு கியர் வண்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதானா? இல்லை.

மேம்பாலத்தில் வண்டி முக்குகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய். செகண்ட் ஹேண்டில் கைமாறிய ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பலவற்றில் அந்த எண்ணெயை யாருமே மாற்றியிருக்க மாட்டார்கள். 'ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்' என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருப்பார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்கவில்லை!

புது எண்ணெய் பெரும்பாலும் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். பழுப்பானால் வயதாகிவிட்டது என்று அர்த்தம். கறுத்துப்போய்க் கருகல் வாடை அடித்தால், உள்ளே தகடுகள் எரிந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். கண்ட எண்ணெயை ஊற்றக் கூடாது. வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் வகைதான் வேண்டும். சி.வி.டி.க்கு அதற்கென்று தனி எண்ணெய் உண்டு. மாற்றி ஊற்றினால் பட்டை வழுக்கிப் பெட்டி நாசமாகும்.

கீழே திருகைக் கழற்றினால் எல்லா எண்ணெயும் இறங்கிவிடாது. பெரும்பகுதி கன்வர்ட்டருக்குள் நின்றுவிடும். ஆகவே ஒரு தடவை மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி ஒரு தடவை மாற்றுவது நல்ல மெக்கானிக்குகளின் வழக்கம். பல வருடம் மாற்றாத பெட்டியில் மெஷினை வைத்து வேகமாக அடித்துக் கழுவுவதை அவர்கள் விரும்புவதில்லை. மூலையில் அடங்கிக் கிடக்கும் தூசியும் துகளும் கிளம்பி, வால்வு பாடியின் சந்துகளில் போய் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது சூடு. மே மாத வெயில், ஏ.சி. ஓட்டம், நகராத டிராஃபிக். எண்ணெய் கொதிக்காமல் என்ன செய்யும்? ரேடியேட்டரைச் சுத்தமாக வைத்தாலே பாதி நோய் போய்விடும். வருடத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போய்வரும் வண்டி, அதிகச் சுமை ஏற்றும் வண்டி என்றால், தனியாக ஓர் ஆயில் கூலர் மாட்டுவது உபயோகமான செலவு. நாலு கியர் பெட்டிக்குச் செய்யக்கூடிய உண்மையான முன்னேற்றம் இதுதான்.

எஞ்சின், பெட்டித் தாங்கிகளின் ரப்பர் நசுங்கிப் போயிருந்தாலும் வண்டி குலுங்கும். அதைக் கியர்ப்பெட்டிக் கோளாறு என்று சொல்லிப் பெரிய பில் நீட்டுகிறவர்களும் உண்டு. முதலில் ரப்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்டியையே பிரித்து, தகடுகளையும் சீல்களையும் புதிதாகப் போட்டுக் கட்டுவது கடைசி வைத்தியம். செலவு சில நேரம் லட்சத்தைத் தாண்டும். அந்த நிலை வந்துவிட்டால், அந்தப் பணத்தோடு காரையும் கொடுத்து மாற்றிக்கொள்வது லாபமா என்று ஒரு தாளில் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அண்ணாச்சிக்குச் சரி சொல்ல வேண்டும்.

மழை, பள்ளம், பார்க்கிங்

2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மும்பையில் யாரும் மறக்க மாட்டார்கள். அவ்வளவு வேண்டாம், ஹிந்த்மாதாவில் வழக்கமாகத் தேங்கும் தண்ணீரே போதும். கியர்ப்பெட்டியின் மேல் சுவாசக் குழாய் ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் தண்ணீர் ஏறினால் உள்ளே போய்விடும். சிவப்பு எண்ணெயும் தண்ணீரும் கலந்து ரோஸ் மில்க் நிறத்துக்கு வரும். தகடுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சு காகிதம் போன்ற பொருள், பசையால் ஒட்டியது. ஈரம் பட்டால் ஊறி உரிந்துவிடும். ஆகவே மழைக்காலம் முடிந்து கார் வாங்குகிறவர்கள் எண்ணெய் நிறத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

வாங்கும்போது வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஏதோ மறைக்கிறார் என்று சந்தேகப்படலாம். பிரேக்கை மிதித்துக்கொண்டு 'டி'யில் போட்டதும் உடனே பிடிக்க வேண்டும். ஒன்று இரண்டு எண்ணிய பிறகு 'டொக்' என்று பிடித்தால் பெட்டி தளர்ந்துவிட்டது. ரிவர்சையும் அப்படியே பார்க்க வேண்டும். ஓட்டும்போது எஞ்சின் மட்டும் கத்தி, வண்டி வேகம் எடுக்காவிட்டால், அந்தக் கார் நமக்கு வேண்டாம்.

வாங்கியபின் சில பழக்கங்கள். வண்டி முழுதும் நின்ற பிறகே 'டி'யிலிருந்து 'ஆர்'-க்கு மாற்ற வேண்டும். சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட் பிரேக், அப்புறம்தான் 'பி'. 'பி' என்பது பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கி. முழுக் காரின் பாரத்தையும் அதன் தலையில் போடக் கூடாது. மேட்டில் பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரால் வண்டியைத் தாங்கி நிற்பது எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் கெடுதல், ஏ.எம்.டி.க்கு மிகவும் கெடுதல். நடுவழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடக் கூடாது. முன் சக்கரங்களைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும்.

மும்பையிலிருந்து திருநெல்வேலி 1,500 கிலோமீட்டருக்கு மேல். பொங்கலுக்குக் காரிலேயே கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வழியில் தர்மபுரி தாண்டிச் சேலம் பக்கம் இறங்கும் தொப்பூர்க் கணவாயில், 'டி'யிலேயே விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. பெட்ரோல் மிச்சம் என்று 'என்'னில் போட்டு இறங்குவது அதைவிட மோசம். '2' அல்லது 'எல்' என்று இருக்கும் இடத்தில் கம்பியை வைத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நாலு கியர் வண்டியிலும் இந்த வசதி இருக்கிறது. பலர் ஒரு தடவைகூட அதைத் தொட்டதில்லை.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு அண்ணாச்சியிடம் எண்ணெயை மாற்றிக்கொண்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதிய பில்லை டாஷ்போர்டு பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். காரை விற்கப் போகும் நாளில், வாங்க வருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.